கோண்டுவானாப் பெருநிலம் பிரிந்த வரலாறு

சரித்திரம் என்றவுடன் மன்னர் பெயரும், போர்க்களமும், கோட்டை கொத்தளமும் நம் நினைவுக்கு வருதல் இயல்பே. ஆயினும் அம்மன்னர் ஆண்ட மண்ணுக்கும் ஒரு சரித்திரம் உண்டு. அதனை எழுதிய புலவர் எவருமிலர். பாறையே ஏடாகவும், பாறையுட் பதிந்த இலையும் எலும்புமே எழுத்தாகவும் அமைந்த சரித்திரம் அது. அந்த ஏட்டைப் படிக்கும் வித்தையை மனிதன் கற்றுக்கொண்டு இருநூறு ஆண்டுகளே சென்றிருக்கின்றன. அதற்குள் அவன் அறிந்துகொண்ட செய்திகளோ வியப்பிற்குரியவை.

நம்மூர் வாசிகசாலைகளிலும் கோயில் மண்டபங்களிலும் அடிக்கடி எழும் வாதம் ஒன்றுண்டு. "குமரிக்கண்டம் என ஒன்று இருந்தது, அதுவே தமிழனின் தொட்டில், மேனாட்டு விஞ்ஞானிகளே இலெமூரியா என்று அதனை ஒப்புக்கொண்டனர்" என்பர் பெரியோர் சிலர். "அவையெல்லாம் கட்டுக்கதை, கடல் கொண்டது என்னும் பேச்சே வீண்" என்பர் இளைஞர் சிலர். இரு சாராரும் வெவ்வேறான இரண்டு வரலாறுகளை ஒன்றாகக் கலந்துவிட்டு வாதிடுகின்றனர். ஒன்று கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் கண்டங்கள் பிரிந்த வரலாறு. மற்றையது மனிதன் கண்முன்னே கடல் நிலத்தைக் கொண்ட வரலாறு. முன்னதை விரிவாகக் கூறி, பின்னதனை அதனினின்றும் வேறுபடுத்திக் காட்டுதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பெயர் வந்த விதம்

இந்தியாவின் நடுப்பகுதியிலே, நருமதை ஆற்றின் தென்பாலுள்ள காடுகளிலும் மலைகளிலும் கோண்டர் என்னும் பழங்குடி மக்கள் வாழ்கின்றனர். அவர்கள் பேசும் கோண்டி மொழி திராவிட மொழிகளுள் ஒன்று. நம் தமிழுக்கு உறவுடையது. அவர்களுடைய நாடு கோண்டுவனம் எனப்பட்டது. 1872 ஆம் ஆண்டில் ஹென்றி மெட்லிக்கொட் என்னும் புவிச்சரிதவியலாளர் அப்பகுதியின் பாறைத் தொடருக்குக் கோண்டுவானா என்னும் பெயரை வழங்கினார். நிலக்கரி செறிந்த அப்பாறைகளில் நாக்குப் போன்ற வடிவுடைய இலைகளின் சுவடுகள் மலிந்து கிடந்தன. அச்செடிக்குக் குளொசொப்தெரிசு என்று பெயர். கிரேக்க மொழியில் 'நாக்கு வடிவப் பன்னம்' என்பது அதன் பொருள்.

அதே இலை தென்னாபிரிக்காவிலும் அவுஸ்திரேலியாவிலும் தென்னமெரிக்காவிலும் கிடைத்தது. ஒரே செடி பெருங்கடல்களால் இடையிடப்பட்ட நிலங்களில் எவ்வாறு வளர்ந்திருத்தல் கூடும்? ஒஸ்திரிய நாட்டு அறிஞர் எட்வாட் சூஸ் இவ்வினாவுக்கு விடை கூற முற்பட்டார். இந்நிலங்கள் முற்காலத்தில் ஒன்றாயிருந்தன என்றும், அப்பெருநிலத்துக்குக் கோண்டுவானா நிலம் எனப் பெயரிடலாம் என்றும் 1885 ஆம் ஆண்டில் அவர் எழுதினார். உலகின் தென்பாதி முழுவதையும் அடக்கிய பெருங்கண்டம் ஒன்று திராவிட மொழி பேசும் வனமக்களின் பெயரைத் தாங்கி நிற்றல் நாம் நினைந்து மகிழத்தக்கது.

ஆனால் சூஸ் ஒன்றிலே தவறினார். கண்டங்கள் அசையும் என்பதை அவர் எண்ணவில்லை. இடையிலிருந்த நிலம் கடலுள் அமிழ்ந்ததனாலேயே இவை தனித்தனியாயின என்று அவர் கொண்டார். அமிழ்ந்த நிலம் என்னும் அவ்வெண்ணம் பின்னாளில் எத்துணைக் குழப்பத்துக்கு வித்தாயிற்று என்பதனைக் கீழே காண்போம்.

ஒன்றாயிருந்தமைக்குச் சான்றுகள்

சான்றுகள் பல. அவற்றுள் முக்கியமான சிலவற்றை ஈண்டுக் கூறுவோம்.

முதலாவது பனிக்கட்டியின் தடம். ஒரிசா மாநிலத்துத் தல்சீர் என்னுமிடத்தில், பனியாறு உருட்டிவந்து விட்ட பாறாங்கற்கள் சேற்றுடன் கலந்து இறுகிய படிவு ஒன்று 1856 இல் அறியப்பட்டது. இன்று வெயில் கொளுத்தும் அவ்விடத்தை ஏறத்தாழ 30 கோடி ஆண்டுகளுக்கு முன் பனிப்பாளம் மூடியிருந்தது. அத்தகைய படிவுகளே தென்னாபிரிக்கா, தென்னமெரிக்கா, அவுஸ்திரேலியா ஆகியவற்றிலும் உள. இந்நிலங்களை இன்றுள்ள இடங்களிலேயே வைத்து நோக்கின், பாதி உலகம் பனியால் மூடப்பட்டிருந்தது எனக் கொள்ள நேரும். தென்துருவத்தைச் சூழ அவற்றை ஒன்றாகப் பொருத்தி வைப்பின் சிக்கல் தீர்ந்துவிடுகின்றது.

இரண்டாவது உயிர்களின் சுவடு. இலித்திரோசோரசு என்பது நன்னீர்க் கரைகளில் வாழ்ந்த பன்றியளவான ஊர்வன இனம். பெருங்கடலை நீந்திக் கடக்கவல்லது அன்று. அதன் எலும்புகள் இந்தியாவிலும் தென்னாபிரிக்காவிலும் கிடைத்தன. 1969 இல் அந்தாட்டிக்காவிலும் கிடைத்தன.

மூன்றாவது சான்று உயிர்கொடுத்துப் பெறப்பட்டது. 1912 ஆம் ஆண்டு சனவரியில் தென்துருவத்தை அடைந்த ஆங்கிலக் கப்பற்றளபதி இரொபேட் ஸ்கொட் என்பாரும் அவருடைய துணைவரும் திரும்பும் வழியில் பசியாலும் குளிராலும் நலிந்தனர். அந்நிலையிலும் பெப்ரவரி மாதத்தில் பியட்மோர் பனியாற்றின் அருகே தாம் எடுத்த ஏறத்தாழ 16 கிலோகிராம் கற்களைச் சறுக்குவண்டியிலிருந்து அவர்கள் எறிந்துவிடவில்லை. அவர்கள் யாவரும் மடிந்தனர். அவ்வாண்டு நவம்பரில் அவர்களுடைய கூடாரத்தைக் கண்டுபிடித்தோர் உடல்களுக்கு அருகே அக்கற்களையும் கண்டனர். அவற்றுள்ளே குளொசொப்தெரிசு இலையின் சுவடு இருந்தது. நடு இந்தியாவிற் காணும் அந்த இலை அந்தாட்டிக்காவின் உள்நாட்டிலும் வளர்ந்ததென்பது அதனால் உறுதியாயிற்று. அறிவைத் தேடுவோர் சாகும் தறுவாயிலும் தம் பொறுப்பை விடார் என்பதற்கு இதனிலும் சிறந்த எடுத்துக்காட்டு வேண்டுமோ?

கண்டம் அசையும் என்று கண்டமை

அதே 1912 ஆம் ஆண்டு சனவரி 6 ஆந் திகதி, ஜேர்மனியின் பிராங்போட் நகரில் அல்பிரட் வெகெனர் என்னும் இளைஞர் ஓர் உரை நிகழ்த்தினார். அவர் வானிலை ஆராய்ச்சியாளர். வயது முப்பத்தொன்று. நிலம் எதுவும் அமிழவில்லை. கண்டங்களே ஒன்றைவிட்டு ஒன்று விலகிச் சென்றன என்பது அவர் கூற்று. 1915 இல் அதனை நூலாகவும் வெளியிட்டார்.

அறிஞர் உலகம் அவரை வரவேற்கவில்லை. பலர் எள்ளி நகையாடினர். கண்டத்தை இழுத்துச் செல்லும் வலு யாது என்ற கேள்விக்கு அவரால் தக்க விடை கூற இயலாமற் போனமையே அதற்குக் காரணம். 1930 நவம்பரில் கிறீன்லாந்தின் பனிவெளியில் ஆராய்ச்சிப் பயணத்தின்போது வெகெனர் இறந்தார். தம் கொள்கை வென்றதை அவர் காணவில்லை. தென்னாபிரிக்க அறிஞர் அலெக்சாண்டர் டு தொயிற் 1937 இல் வெளியிட்ட நூலிலே கோண்டுவானாவின் பாறைகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டு அக்கொள்கைக்கு வலுவூட்டினார். ஆங்கிலேயராகிய ஆதர் ஹோம்ஸ், புவியின் உள்ளே வெப்பத்தால் எழும் மெதுவான சுழற்சியே கண்டங்களை நகர்த்தும் என்று விளக்கினார்.

முடிவான சான்று நம்முடைய இந்து சமுத்திரத்தின் அடியிலிருந்தே கிடைத்தது. கடலின் நடுவே நீண்ட மலைத்தொடர்கள் உள. அவற்றின் உச்சியிலுள்ள பிளவின் வழியே உருகிய பாறைக்குழம்பு மேலெழுந்து இறுகுகின்றது. இறுகும்போது அக்காலத்துப் புவிக்காந்தத்தின் திசை அதிலே பதிந்துவிடும். புவியின் காந்தத் திசையோ காலத்துக்குக் காலம் வடக்குத் தெற்காகத் தலைமாறுவது. ஆதலின் தொடரின் இரு மருங்கிலும், துணியிலே நெய்த கரைபோல, மாறிமாறிக் காந்தப் பட்டிகள் அமைதல் வேண்டும். அரபிக் கடலை அடுத்துள்ள கால்ஸ்பேர்க் கடலடித் தொடரிலே 1962 இல் எடுக்கப்பட்ட அளவைகளை ஆராய்ந்து, 1963 இல் பிரெட் வைன், டிரமண்ட் மத்தியூஸ் என்னும் இருவர் இதனை வெளியிட்டனர். கடலடி புதிதாகப் பிறந்து இருபுறமும் விரிகின்றது என்று அமெரிக்கர் ஹரி ஹெஸ் கூறிய கருத்து இதனால் நிலைபெற்றது. பட்டிகளை எண்ணுவோர், மரத்தின் வளையங்களை எண்ணுவார்போல, கண்டங்கள் பிரிந்த காலத்தைக் கணிக்கலாயினர்.

பிரிந்த காலமும் முறையும்

கோண்டுவானா ஏறத்தாழ 60 கோடி முதல் 50 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்ட காலத்தில், தனித்தனி நிலங்கள் மோதி இணைந்ததனால் உருவாயிற்று. தென்னமெரிக்கா, ஆபிரிக்கா, அராபியா, மடகஸ்கார், இந்தியா, இலங்கை, அந்தாட்டிக்கா, அவுஸ்திரேலியா என்பன அதன் உறுப்புகள். பின்னர் அது வடநிலங்களோடும் சேர்ந்து பங்கேயா என்னும் ஒரே கண்டமாகியது. பங்கேயா ஏறத்தாழ 20 கோடி ஆண்டுகளுக்கு முன் பிளவுறத் தொடங்கிற்று.

கோண்டுவானா ஒரே நாளில் வெடித்துச் சிதறவில்லை. பழைய கூட்டுக் குடும்பம் ஒன்று பாகம் பிரிவதுபோல, ஒருவர் பின் ஒருவராக அதன் பிள்ளைகள் பிரிந்தனர். ஏறத்தாழ 18 கோடி 30 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் தென்னாபிரிக்காவிலும் அந்தாட்டிக்காவிலும் பாறைக்குழம்பு பெருவெள்ளமாகப் பொங்கி வழிந்தது. அதனைத் தொடர்ந்து மேலைப் பாதியாகிய ஆபிரிக்காவும் தென்னமெரிக்காவும், கீழைப் பாதியாகிய மடகஸ்கார், இந்தியா, இலங்கை, அந்தாட்டிக்கா, அவுஸ்திரேலியா என்பனவற்றினின்றும் விலகின. இடையே இளம் இந்து சமுத்திரம் தோன்றிற்று.

அடுத்து, ஏறத்தாழ 13 கோடி ஆண்டுகளுக்கு முன், இரு பிரிவினைகள் நிகழ்ந்தன. மேற்கே தென்னமெரிக்காவும் ஆபிரிக்காவும் தெற்கிலிருந்து வடக்காகக் கிழியத் தொடங்கி, தென் அத்திலாந்திக் சமுத்திரத்துக்கு இடங்கொடுத்தன. கிழக்கே இந்தியாவும் இலங்கையும் மடகஸ்காருடன் சேர்ந்தபடியே அந்தாட்டிக்காவையும் அவுஸ்திரேலியாவையும் விட்டு நீங்கலாயின. பின்பு ஏறத்தாழ 8 கோடி 80 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் மடகஸ்கார் இந்தியாவினின்றும் பிரிந்து ஆபிரிக்காவின் அயலிலே தங்கிவிட்டது. ஏறத்தாழ 6 கோடி 60 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் தக்கணத்தில் எரிமலைக்குழம்பு அடுக்கடுக்காக வழிந்தோடியது. இன்றும் மகாராட்டிரத்தின் கருமலைகள் படிப்படியாகத் தோன்றுவது அதனாலேயே. அதையொட்டிச் சீசெல்ஸ் தீவுகளின் கருங்கல் நிலமும் கழன்று தனியே நின்றது.

அதன்பின் இந்திய நிலம் தன் வாலிலே இலங்கையையும் கொண்டு வடக்கு நோக்கி விரைந்தது. ஆண்டுக்குப் பதினைந்து சதம மீற்றர் வரை அது சென்ற காலமும் உண்டு. கண்டங்களின் நடையிலே அது குதிரைப் பாய்ச்சல். ஏறத்தாழ 5 கோடி ஆண்டுகளுக்கு முன் அது ஆசியாவோடு மோதிற்று. கடைசியாக அவுஸ்திரேலியாவும் தென்னமெரிக்காவும் அந்தாட்டிக்காவை முற்றாக நீங்கின. தனித்து விடப்பட்ட அந்தாட்டிக்காவைக் குளிர்ந்த நீரோட்டம் வளைந்து சூழ்ந்தது. ஏறத்தாழ 3 கோடி 40 இலட்சம் ஆண்டுகளுக்கு முன்னே அங்கு பெரும் பனிப்பாளம் பரவிற்று. ஒருகாலத்திற் காடு செழித்த நிலம் வெண்பனியாற் போர்த்தப்பட்டது.

இப்பிரிவினையின் நினைவை ஒரு தவளையும் காத்துவந்துள்ளது. கேரளத்து மேற்குத் தொடர்ச்சி மலையில், ஆண்டிற் பெரும்பகுதியை மண்ணுக்குள்ளேயே கழிக்கும் ஊதாநிறத் தவளை இனம் ஒன்று 2003 இல் விஞ்ஞான உலகுக்கு அறிவிக்கப்பட்டது. அதற்கு மிக நெருங்கிய உறவினம் எங்கேயுள்ளது? கடலுக்கு அப்பால் சீசெல்ஸ் தீவுகளில்.

சாளக்கிராமம் கூறும் செய்தி

இந்தியாவுக்கும் ஆசியாவுக்கும் இடையே அக்காலத்தில் ஒரு கடல் இருந்தது. அதனைத் தெதிஸ் கடல் என்பர். இந்தியா வடக்கே நெருங்க நெருங்க அக்கடல் ஒடுங்கியது. அதன் அடியிற் படிந்திருந்த சேறும் சுண்ணமும் மடிந்து உயர்ந்து இமயமாயின. எவரெஸ்ட் சிகரத்தின் உச்சியிலுள்ள கல், கடல்வாழ் உயிர்களின் சிதைவுகளைக் கொண்ட சுண்ணக்கல்லேயாகும்.

சைவராகிய நமக்கும் வைணவ அன்பர்களுக்கும் இதனாற் பெறப்படும் செய்தி உண்டு. திருமாலின் வடிவமாகப் பூசிக்கப்படும் சாளக்கிராமம் நேபாளத்துக் கண்டகி ஆற்றிலே, முத்திநாதத்தின் அருகே எடுக்கப்படுவது. அதனுள்ளே காணப்படும் சக்கர வடிவம், பத்துக் கோடி ஆண்டுகளுக்கும் முன்னர் தெதிஸ் கடலில் வாழ்ந்த அம்மொனைற்று என்னும் சுருள் ஓட்டுப் பிராணியின் சுவடு. கடல் மறைந்துவிட்டது, கடலின் குழந்தை மலையேறி வந்து பூசைப் பேழையில் அமர்ந்திருக்கின்றது. திருக்கயிலை மலையோ, இந்திய நிலமும் ஆசிய நிலமும் ஒட்டிய தழும்பின் அயலிலே நிற்பது. மோதலின் பின் உயர்ந்த மலைகள் தேய, ஆறுகள் உருட்டிக் கொணர்ந்த கூழாங்கற்கள் இறுகிய பாறையினால் ஆகியது அது. இதனை அறிவதனால் சாளக்கிராமத்தின் தூய்மையோ கயிலையின் பெருமையோ ஒரு சிறிதும் குறையாது. வணங்கும் கைகளுக்கு வியக்கும் மனமும் துணையாகின்றது, அவ்வளவே.

ஈழத்தின் இடம்

இனி நம் தாய்நாட்டை நோக்குவோம். இலங்கையின் நிலத்திற் பத்தில் ஒன்பது பங்குக்கு மேற்பட்டது மிகப் பழைய உருமாறிய பாறைகளால் ஆகியது. அவற்றுட் பெரும்பகுதி கோண்டுவானா உருவாகியபோது, ஏறத்தாழ 55 கோடி ஆண்டுகளுக்கு முன், ஆழத்திலே வெந்தும் அழுந்தியும் இன்றைய உருவைப் பெற்றன. இரத்தினபுரியின் நீலமும் புட்பராகமும், போகல, கஹட்டகஹ சுரங்கங்களின் காரீயமும் அக்கால வெப்பத்தோடு தொடர்புடையவையே. மடகஸ்காரின் இலக்காக்கா என்னுமிடத்தில் 1998 இல் நீலக்கற்கள் பெருவாரியாகக் கிடைத்தபோது, இலங்கை வணிகர் பலர் அங்கு சென்று கல் வாங்கினர். பிரிந்த உடன்பிறப்பின் வீட்டிலே தம் வீட்டுச் சொத்தையே அவர்கள் கண்டனர் எனலாம்.

கோண்டுவானாவின் வரைபடத்தில் இலங்கை, தென்னிந்தியா, மடகஸ்கார், அந்தாட்டிக்கா மூன்றுக்கும் நடுவே அமைந்திருந்தது. 1957 இல் யப்பானியர் அந்தாட்டிக்காவின் லுட்சோ-ஹோம் குடாவிலே சியோவா என்னும் ஆராய்ச்சி நிலையத்தை நிறுவினர். அந்நிலையத்தைச் சூழ்ந்த பாறைகளும் நம் மலைநாட்டுப் பாறைகளும் வயதாலும் தன்மையாலும் ஒத்திருத்தலைப் பின்னர் ஆராய்ச்சியாளர் கண்டறிந்தனர். கண்டி மலைகளின் தொடர்ச்சி பனிக்குடாவின் கரையிலே கிடக்கின்றது!

புத்தளத்துக்கு அண்மையிலே தப்போவை, அண்டிகம என்னும் இடங்களில் யுராசிக் காலத்துப் படிவுகள் உள. பிளவு தொடங்கிய அக்காலத்தில் நிலம் தாழ்ந்த பள்ளங்களிலே படிந்த சேற்றில், பன்னங்களும் பிற பழஞ்செடிகளும் சுவடு பதித்திருக்கின்றன. மன்னார்க் கடலின் அடியிலுள்ள ஆழ்ந்த படுகையும் அப்பிளவுகளாலேயே உண்டாயிற்று. 2011 இல் அங்கே இயற்கை வாயு இருத்தல் துளையிட்டு அறியப்பட்டது. அப்பிளவு முற்றுப்பெறாது இடையிலே நின்றுவிட்டமையினால் இலங்கை இந்தியாவினின்றும் தனிக் கண்டத்துண்டாகக் கழன்று போகவில்லை. இரண்டும் இன்றும் ஒரே புவித்தகட்டின் மேலேயே வடக்கு நோக்கிச் செல்கின்றன. அவற்றைப் பிரிக்கும் பாக்கு நீரிணை, நிலத்தின் மேல் ஏறி நிற்கும் மெல்லிய நீர்ப்படலமே. பெரும்பாலான இடங்களில் அதன் ஆழம் பத்துப் பன்னிரண்டு மீற்றருக்கு மேற்படாது.

யாழ்ப்பாணக் குடாநாடு இக்குடும்பத்தின் கடைக்குட்டி. அதன் சுண்ணக்கல் மயோசீன் காலத்தில், கோண்டுவானா பிரிந்து முடிந்து நெடுங்காலத்தின் பின், ஆழமற்ற கடலிலே படிந்தது. கீரிமலைக் கேணியின் ஊற்றும் நிலாவரைக் கிணற்றின் ஆழமும் அச்சுண்ணக்கல் கரைந்து குடைந்ததனாலானவை.

இந்நாட்டின் பாறைகளை முறையாக ஆராய்ந்தோருள் ஒருவரை நம் வாலிபர் சிறப்பாக நினைவுகூர்தல் வேண்டும். சேர் முத்துக்குமாரசுவாமியின் மைந்தராய் 1877 இல் கொழும்பிற் பிறந்த ஆனந்த குமாரசுவாமி, கனிய ஆராய்ச்சிப் பகுதியின் முதல் தலைவராக 1903 முதல் 1906 வரை பணியாற்றியவர். தோரியனைற்று என்னும் கனியம் அவர் முயற்சியாலேயே உலகுக்குத் தெரியவந்தது. கல்லை ஆராய்ந்த அவரே பின்னாளில் கற்சிற்பத்தையும் நடராச தத்துவத்தையும் உலகம் வியக்க விளக்கினார். சம்மட்டி எடுத்துப் பாறை உடைத்த கை, ஆனந்தத் தாண்டவத்தின் பொருளையும் எழுதிற்று. விஞ்ஞானமும் சமயமும் ஒருவரிடத்தே பகையின்றி வாழலாம் என்பதற்கு அவர் வாழ்வே சான்று.

இலெமூரியாவும் கடல்கொண்ட நாடும்

இப்பொழுது நம் வாதத்துக்கு வருவோம். இலெமூரியா என்னும் சொல்லை 1864 இல் ஆக்கியவர் பிலிப் ஸ்கிளேற்றர் என்னும் ஆங்கில விலங்கியலாளர். மடகஸ்காரில் இலெமூர் என்னும் விலங்குகள் மிகுதியாக உள. நம் வன்னிக் காட்டுத் தேவாங்கு அவற்றுக்குத் தூரத்து உறவு. இவ்வுறவினர் கடலின் இருகரையிலும் இருத்தலைக் கண்ட அவர், இடையே நிலம் இருந்து அமிழ்ந்திருக்க வேண்டும் என்று கருதினார். அதில் மனிதரைப் பற்றியோ தமிழரைப் பற்றியோ ஒரு சொல்லும் இல்லை. கண்டங்கள் நகர்வன என்பது நிலைபெற்றபின் அவ்வூகத்துக்குத் தேவை இல்லாதொழிந்தது. இலெமூர்களின் முன்னோரோ, மடகஸ்கார் தனித்தீவான பின்னரே, மிதந்து சென்ற மரஞ்செடிகளின் மேல் ஆபிரிக்காவிலிருந்து அங்கு சேர்ந்தன என்பதே இன்றைய முடிபு.

இந்து சமுத்திரத்தின் கீழ் மூழ்கிய கண்டத்துண்டு எதுவும் இல்லையோ எனின், உண்டு. மொரீசியஸ் தீவு ஒரு கோடி ஆண்டுக்கும் குறைந்த வயதுடைய எரிமலைத் தீவு. அதன் பாறையினுள்ளே 300 கோடி ஆண்டு வயதுடைய சேர்க்கன் மணிகள் இருத்தலை 2017 இல் ஆராய்ச்சியாளர் வெளியிட்டனர். தீவின் அடியில் கோண்டுவானாவின் பழைய துண்டொன்று புதைந்து கிடத்தலை அவை காட்டுகின்றன. ஆனால் அது மூழ்கியது மனிதன் தோன்றுமுன் பல கோடி ஆண்டுகளுக்கு முன்னர். குமரிமுனைக்குத் தெற்கே ஆழ்கடலின் தரையோ அமிழ்ந்த நாடு அன்று. இந்தியா வடக்கே நகர்ந்தபோது புதிதாய் எழுந்து இறுகிய கடலடிப் பாறையே அது.

காலத்தை ஒப்பிட்டு நோக்குவோம். கோண்டுவானா பிரியத் தொடங்கியது முதல் இன்று வரையுள்ள காலத்தை ஒரு பகலும் ஓர் இரவுமாகச் சுருக்குக. மனித இனம் தோன்றி ஏறத்தாழ மூன்று இலட்சம் ஆண்டுகள். அது அந்நாளின் கடைசி இரண்டரை நிமிடத்துக்கும் குறைவு. இறையனார் களவியலுரை முச்சங்கத்துக்கும் கூறும் ஆண்டுகள் 4440, 3700, 1850. இவற்றைக் கூட்டின் 9990. அவ்வுரை கூறும் காலத்தை அப்படியே ஏற்றுக்கொண்டாலும் அது அந்நாளின் இறுதி ஐந்து விநாடி மாத்திரமே. ஆதலின் கோண்டுவானாவின் பிரிவையும் தென்மதுரையின் அழிவையும் ஒன்றெனக் கூறுதல் எவ்வாற்றானும் பொருந்தாது.

அங்ஙனமாயின் கடல்கோட் செய்தி முழுவதும் பொய்யோ? அன்று. ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன், உலகின் நீரில் ஒரு பகுதி பனியாய் உறைந்திருந்தபோது, கடல்மட்டம் இன்றையினும் 120 மீற்றர் அளவு தாழ்ந்திருந்தது. அக்காலத்தில் மன்னாரிலிருந்து இராமேசுவரத்துக்கு நடந்தே செல்லலாம். குமரிமுனைக்குத் தெற்கேயுள்ள ஆழங்குறைந்த கடற்றிட்டின் பகுதிகளும் நிலமாயிருந்தன. களுத்துறை மாவட்டத்துப் பாகியங்கலைக் குகையில் ஏறத்தாழ 45,000 ஆண்டுகளுக்கு முன்பே மனிதர் வாழ்ந்தனர். பனி உருகக் கடல் ஏறிற்று. ஏறத்தாழ 7,000 ஆண்டுகளுக்கு முன் நிலப்பாலம் நீரில் மறைந்தது. இது மனிதர் வாழ்ந்த காலத்தில் நிகழ்ந்த கடல்கோள்.

இன்னுமொன்று உண்டு. காவிரிப்பூம்பட்டினத்தைக் கடல் கொண்டதை மணிமேகலை கூறுகின்றது. களனியரசன் காலத்தில் கடல் பெருகி நாட்டை அழித்ததை மகாவமிசம் கூறுகின்றது. 2004 ஆம் ஆண்டு திசம்பர் 26 ஆந் திகதிக்கு முன்னர் இவற்றைப் படித்த நம்முட் பலர் இவை புலவர் கற்பனை என்றே எண்ணியிருந்தனர். அன்று காலை முல்லைத்தீவிலும், வடமராட்சி கிழக்கிலும், மட்டக்களப்பு நாவலடியிலும், கல்முனையிலும், காலியிலும் கடல் எழுந்து வந்தது. நம் நாட்டில் மட்டும் முப்பதினாயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். அம்பாந்தோட்டைப் பகுதிக் களப்பின் சேற்றை ஆராய்ந்தோர், அத்தகைய பேரலைகள் பண்டும் வந்து மணலடுக்குகளை விட்டுச் சென்றிருத்தலைக் கண்டனர். முன்னோர் பொய் சொல்லவில்லை. தாம் கண்டதைச் சொன்னார்கள்.

அப்பேரலைக்குக் காரணம் யாது? இந்திய சமுத்திரத்தைச் சுமந்த புவித்தகடு சுமாத்திராவின் ஓரமாக ஆசியத் தகட்டின் கீழே புகுகின்றது. நெடுங்காலமாக இறுகி நின்ற அவ்விடம் அன்று ஆயிரம் கிலோமீற்றருக்கு மேற்பட்ட நீளத்துக்குச் சறுக்கிற்று. கோண்டுவானாவினின்றும் புறப்பட்ட நம் பயணம் இன்னும் ஓயவில்லை. ஆண்டுதோறும் நான்கைந்து சதம மீற்றர், ஏறக்குறைய நகம் வளரும் அளவு, நாம் வடக்கே சென்றுகொண்டே இருக்கின்றோம். இமயம் இன்னும் உயர்கின்றது. சுமாத்திராக் கடலடி இன்னும் இறுகுகின்றது.

நாம் கொள்ளத்தக்கது

இவ்வரலாற்றினால் நம் இளைஞரும் பெரியோரும் கொள்ளத்தக்கவை எவை?

பெரியோருக்கு ஒன்று விண்ணப்பிப்போம். தமிழின் தொன்மைக்கு இலெமூரியா என்னும் ஊன்றுகோல் வேண்டியதில்லை. சங்கச் செய்யுட்களும், பாறைக் கல்வெட்டுக்களும், தாழியிற் பொறித்த எழுத்துக்களும் தாமே நிற்கும் வலியுடையன. கைவிடப்பட்ட ஓர் ஊகத்தை அவற்றோடு கட்டிவைத்தால், அது விழும்போது அவற்றின் மீதும் ஐயம் படரும். பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிக்கும் பிள்ளை ஒன்றைப் பொய்யெனக் கண்டால், நாம் கூறும் ஏனையவற்றையும் பொய்யென்றே தள்ளிவிடும். நம் சமயமும் மொழியும் அவ்விழப்பைத் தாங்கும் நிலையில் இன்று இல்லை. நாலு யுகமும் கற்பமும் என்று கோடிக்கணக்கான ஆண்டுகளை அஞ்சாது எண்ணிய மரபு நம்முடையது. புவியின் வயது 450 கோடி ஆண்டுக்கு மேல் என்று கேட்டு மருள வேண்டியவர் நாம் அல்லர்.

இளைஞருக்கும் ஒன்று கூறுவோம். பழைய நூலில் ஓர் எண் பிழைத்தது என்பதற்காக அந்நூலையே எறிந்துவிடாதீர்கள். கடல்கோளை ஏளனஞ் செய்தோர் 2004 இல் விடைபெற்றனர். கடல் திடீரெனப் பின்வாங்கினால் மேட்டுக்கு ஓடுதல் வேண்டும் என்னும் அறிவு கரையோர ஊர்தோறும் வழிவழியாக ஓதப்பட்டு வந்திருக்குமாயின் எத்தனையோ உயிர்கள் பிழைத்திருக்கும். முன்னோர் செய்தியைக் காத்தலும், அதனை ஆராய்ந்து தெளிதலும் ஆகிய இரண்டுமே உங்கள் கடன். உங்களுள்ளே சிலராவது புவிச்சரிதவியலைக் கற்றுத் தப்போவைச் சுவடுகளையும் மன்னார்ப் படுகையையும் நிலாவரைச் சுண்ணத்தையும் ஆராய முன்வருதல் வேண்டும். ஆனந்த குமாரசுவாமி தொடங்கிவைத்த பணிக்கு நம்மவர் இன்னும் பலர் தேவை.

நாம் நிற்கும் மண் பனிக்குடாவையும் பாலைநிலத்தையும் தன் உடன்பிறப்பாகக் கொண்டது. அது பிரிந்தும் அலைந்தும் சேர்ந்தும் வந்த வழியை உள்ளவாறு அறிதல், நமக்கு இடந்தந்த நிலத்துக்கு நாம் செய்யும் மரியாதையாகும். அவ்வறிவை நம் சங்கத்தின் இளந்தலைமுறை தேடிப் பெறுக. எல்லாம் வல்ல இறைவன் திருவருள் அதற்குத் துணைநிற்பதாக.